பக்கத்துக் கொல்லைக்கும் ஒரு தண்ணீர்

பலமநேர், புங்கனூர், குப்பம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் மானாவாரியாக வேர்க்கடலை போட்டிருப்பவர்களே, மழை நின்று பத்து நாளாகிவிட்டதா? வானத்தைப் பார்த்தது போதும். இன்றைக்கே கொல்லையில் இறங்கி, செடியடியில் நான்கு விரல் ஆழத்து மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். பிடி நிற்காமல் உதிர்ந்தால், பயிருக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போடுங்கள்.

விதைத்து 25 நாள்தான் என்றால் பதறாதீர்கள். அந்த வயதில் சற்றே காய்ந்தால் வேர் ஆழம் போகும். பிறகு ஈரம் கிடைத்ததும் பூ ஒருசேரப் பூக்கும். அப்போது மோட்டாரைப் போட்டுத் தேங்கவிடுவதுதான் கெடுதல். வேர்முடிச்சுக்குக் காற்றோட்டம் இல்லாமல் போய், தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிர் ஓய்ந்து, இலை மஞ்சளாகும்.

45 நாளைத் தாண்டிய பயிர் என்றால் தாமதிக்காதீர்கள். மேல்மண் இறுகிக் கிடந்தால் பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்காது. இறங்கினாலும், காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை ஓடு தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். வேர் மேலே ஏற்றியது காய்க்குத் திரும்பி வருவதில்லை. அந்த மண் காய்ந்திருந்தால் ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் போட்டும் பொக்குதான் மிஞ்சும். செடி பச்சையாய் நிற்பதைக் கண்டு ஏமாறாதீர்கள். அடியில் ஈரமிருந்து மேலே வறண்டிருந்தாலும் இதே கதிதான். திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தின் தரணி ரகம் வறட்சியில் பிழைத்து நிற்கும். விழுதுக்கு ஈரம் அதற்கும் வேண்டும்.

ஆகவே போர் உள்ளவர்களுக்கு ஒரு சொல். தக்காளிக்கும் கரும்புக்கும் பாய்ச்சுவதில் ஒரு தண்ணீரைப் பக்கத்துக் கொல்லைக்கு விடுங்கள். தெளிப்பான் குழாயை இரவோடு இரவாக நகர்த்தினாலே போதும். உங்கள் ஆயிரம் அடி போர் இழுப்பது உங்கள் சர்வே நம்பருக்குள் ஊறிய தண்ணீர் மட்டுமா? 2016 ஆகஸ்டில் ராயலசீமையின் வாடிய கடலையைக் காக்க அரசே ரெயின் கன் என்னும் நீர் தெளிக்கும் எந்திரங்களைக் கொண்டு வந்து இறக்கியது. எந்திரத்தை வெளியூரிலிருந்து வரவழைக்கலாம். நேரத்துக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஊருக்குள் யாராவது மனம் வைக்க வேண்டும். அதற்குக் கூலி கேட்காதீர்கள். பக்கத்துக்காரர் கொல்லை பொக்கானால் அடுத்த பட்டத்துக்கு அவரும் கடன் வாங்கி ஒரு போர் போடுவார், உங்கள் போரும் வற்றும்.

கடைசி மூன்று நான்கு வாரம் காய்ந்த பயிரில் இன்னொரு ஆபத்து உண்டு. சூடேறிய வறண்ட மண்ணில் காய்க்குள் பூஞ்சணம் புகுந்து அஃப்லடாக்சின் என்னும் நஞ்சைச் சேர்க்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்ததற்கு இந்த நஞ்சேறிய கடலைப் பிண்ணாக்கே காரணம். கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுதாய்ப் போகாது. வாடிய பாத்திகளைத் தனியே பிடுங்குங்கள், நல்ல காயோடு கலக்காதீர்கள். எடைக்காகவோ உடைப்பதற்காகவோ மூட்டையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்ததை மாட்டுக்கும் வைக்காதீர்கள். நஞ்சு பாலில் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது சித்தூர், திருப்பதிப் பிள்ளைகள்.