கல்லான மரமும் காவல் கருவியும்

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்து, கடல் கொண்டுவந்த மண்ணில் புதையுண்டு கல்லாகிப்போன பெருமரம் ஒன்று ஓடைக்கரையில் கிடக்கிறது. வடிவம் அப்படியே இருக்கிறது, ஜீவன் இல்லை. நிலைத்திருப்பது வேறு, வாழ்ந்திருப்பது வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமோ?

உயிர்காக்கும் கருவி ஒன்றும் இந்த வேறுபாட்டையே நினைக்கவைக்கிறது. இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடிக்கும்போது மின்னதிர்ச்சி தந்து அதைச் சீர்ப்படுத்தும் கருவியை, தம் ஆசானைத் திடீர் மரணத்துக்குப் பறிகொடுத்த மிரோவ்ஸ்கி என்னும் மருத்துவர் அந்தத் துயரத்தையே தவமாக்கிச் சமைத்தார். 1980-இல் பால்டிமோர் நகரில் அது முதன்முதலாக மனித தேகத்தில் பொருத்தப்பட்டது. அதனால் பிழைத்தவர் பலர். அந்த உபகாரத்தை மறுப்பது நன்றிகேடு. ஆயினும் முதுமையில் கணக்கு மாறுகிறது. பொருத்திய இடத்தில் இரத்தம் கட்டுவதும், சீழ் பிடிப்பதும், இதயத்துக்குச் செல்லும் கம்பி பழுதுபடுவதும், ஆபத்தில்லாத படபடப்பை ஆபத்தென்று எண்ணிக் கருவி வீணே அதிர்ச்சி தருவதும் உண்டு. 2016-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், இரத்தக்குழாய் அடைப்பாலன்றி வேறு காரணத்தால் இதயம் நலிந்தோரிடையே, இக்கருவியால் திடீர் மரணம் குறைந்தும் மொத்த மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இளையோர் கண்ட பயன் முதியோர்க்குக் கிட்டவில்லை.

இவற்றினும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. சின்ன வெங்காயமும் பருத்தியும் விளைவித்து ஓய்ந்த ஒரு கிழவர், வேறொரு தீரா நோயால் கடைசி மூச்சுக்குக் காத்திருக்க, பேரப்பிள்ளைகள் சங்கில் பால் எடுத்துத் துளித்துளியாக வாயில் விடும் அந்த நேரத்தில், கருவி தன் கடமையென்று மீண்டும் மீண்டும் அவர் நெஞ்சை உதைக்குமானால், அது காவலா, வதையா? அதை நிறுத்தச் சொல்வது பெற்றவரைக் கொன்ற பாவமாகுமோ என்று மக்கள் கலங்குகிறார்கள்.

ஆகாது. அதிர்ச்சி தரும் பணியை மட்டும் நிறுத்தினால் இதயம் நின்றுவிடுவதில்லை. அது தன் துடிப்பைத் தொடர்ந்து, தன் வேளை வரும்போது தானே ஓய்கிறது. அறுவையும் வேண்டாம், வெளியிலிருந்தே மருத்துவர் செய்துவிடலாம். கொல்லுவது நோய், நாம் விலக்குவதோ வழியில் நிற்கும் வேதனையை. கௌரவத்துடன் இறப்பதும் வாழும் உரிமையின் பகுதியே என்று 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்து, ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்பத்துக்கு மதிப்புத் தந்தது.

எனினும் அந்த முடிவு பிள்ளையினுடையதன்று. நெஞ்சு எவருடையதோ, அவருடையது. ஆகையால், கருவி பொருத்தும் நாளிலேயே, அறிவு தெளிவாயிருக்கும்போதே, அருகே அமர்ந்து கையைப் பற்றிக்கொண்டு, “கடைசிக் காலத்துல இது ஓடட்டுமாப்பா, நிறுத்திரலாமா?” என்று கேட்பதே பிள்ளையின் தர்மம்.