படுக்கை தானமும் காற்று மெத்தையும்

இறந்தவர் பெயரில் குடை, செருப்பு, சொம்பு, வசதியிருந்தால் படுக்கைகூடத் தானம் கொடுப்பது இந்துச் சடங்கில் பழைய வழக்கம். அவர் கடைசியாகப் படுத்திருந்த காற்று மெத்தையோ தீட்டென்று பரணுக்குப் போய்விடும். புதுக் குடைக்குப் புண்ணியம் உண்டென்றால், கிருமிநாசினி போட்டுத் துடைத்த சக்கர நாற்காலிக்கு மட்டும் ஏன் இல்லை? புரோகிதரிடம் இதைக் கேட்பவர் குறைவு.

அவருக்கு வாங்கி மிஞ்சிய மருந்தைக் கொடுப்பது வேறு கதை.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்திருக்க வேண்டும்; வெயிலில் கிடந்து வீரியம் போயிருந்தாலும் பல சமயம் பார்வைக்குத் தெரியாது. கொடுப்பவர் மனசு சுத்தமாக இருந்து என்ன பயன், வாங்குகிறவருக்குச் சர்க்கரை ஏறுமே! மார்ஃபின் மாத்திரையோ 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருவது. பக்கத்து வீட்டுப் புற்றுநோயாளி வலியில் துடித்தாலும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எழுதித் தந்த வலித்தணிப்பு மையத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்க வேண்டும்.