வரி நோட்டு

குடியை விட்ட முதல் வருடம் பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடும். சாயங்காலம் ஏழு மணிக்கு பம்பாய் ஜி.டி.பி. நகரில், பழைய ஆட்கள் இன்னும் கோலிவாடா என்றே சொல்லும் அந்த ஸ்டேஷனில் இறங்கி ஆண்டாப் ஹில் பக்கம் திரும்பும்போதுதான் கால் தயங்கும். ஏழிலிருந்து பத்துவரை என்ன செய்வதென்று இருபது வருடமாக நான் யோசித்ததே கிடையாது. அந்த மூன்று மணி நேரத்தைக் குடி பார்த்துக்கொண்டது. இப்போது அது வெறுமனே கிடந்தது. வீட்டுக்குப் போனால் மனைவியும் மகளும் நான் வந்த தோரணையை வைத்து முகத்தைப் படிப்பார்கள். அதைத் தாங்க முடியாமல் தெருவிலேயே சுற்றுவேன்.

எங்கள் பகுதியில் குடியை ஒரு மனிதனின் கெட்ட பழக்கம் என்று மட்டும் பேசிவிட முடியாது. 1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்த பிறகு தாராவி, கோலிவாடா, ஆண்டாப் ஹில் எங்கும் கள்ளச்சாராயம் பலருக்குச் சோறு போட்டது. அந்தத் தொழிலை நடத்திய வரதராஜ முதலியாரைப் பற்றி நன்றியோடு பேசும் கிழவிகளை எனக்குத் தெரியும். சாராயத்துக்குப் புருஷனைப் பறிகொடுத்த கதையையும் அதே மூச்சில் அவர்களே சொல்வார்கள். கள்ளச்சாராயம் பின்னுக்குப் போய், உரிமம் பெற்ற பெர்மிட் ரூம் பார்கள் வந்தன. 2015 ஜூனில் பம்பாயின் மால்வணியில் விஷச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த வாரமும் நான் குடித்தேன். சாவு பயம் ஒருவனை நிறுத்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த வாரத்தைத்தான் சொல்வேன்.

ஒருநாள் யாரிடமும் கேட்காமல் வீட்டிலேயே நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. வருடக்கணக்கில் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம், மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் கண் விழித்த பிறகே தெரிந்தது. உடம்பு சில வாரங்களில் தேறியது. தேறிய உடம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

பழைய இடத்தை விட்டுப் போ என்றார்கள். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். 2003 முதல் அரசாங்கமே சில்லறை மதுக்கடை நடத்துகிற தமிழ்நாட்டில் எந்த ஊருக்குத் தப்பிப் போவது? கடையைவிட என்னை வாட்டியது வேறு. அத்தை வயிறாரச் சோறு போட்டாள். பேசிக்கொண்டே முந்தானையில் முடிந்த காசை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பம்பாயில் ஊர்ச் சங்கத்துச் சீட்டுப் பணத்தில் கை வைத்தவன் நான். சேதி ஊருக்கு எட்டாமலா இருக்கும்? ஊர் என்னைத் திட்டவில்லை, ஒதுக்கவுமில்லை. எதையும் என் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் விருந்தாளியாக இருந்துவிட்டு நாகர்கோவில் வண்டியைப் பிடித்தேன்.

பிறகுதான் மஞ்சக்குடியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். 1989இல் அவர்கள் சிகிச்சையை அப்போதைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடிக்கே கொண்டுபோய் முகாம் நடத்தினார்கள். குடித்தவனைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய்த் தேற்றித் திருப்பி அனுப்பினால், அவன் மாறியிருப்பான், ஊர் மாறியிருக்காது. ஊருக்குள்ளேயே சிகிச்சை நடந்தால் கை நடுங்குவதையும் நடுக்கம் நிற்பதையும் ஊரே பார்க்கும். அவனோடு சேர்ந்து ஊருக்கும் கொஞ்சம் வைத்தியம் நடக்கிறது. என் அத்தை முந்தானையைத் தொட்டதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நான் தேறியதை அவள் பார்க்கவே இல்லை.

ஆண்டாப் ஹில்லில் பார்த்தவர்கள் இருந்தார்கள். பம்பாயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அம்மன் கொடைக்கு வருடாவருடம் வீடு வீடாக வரி பிரிப்பார்கள். சங்கக் கூட்டம் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலோரம் நின்றிருந்த என்னைப் பெரியப்பா முறையுள்ள ஒருவர் கூப்பிட்டார். கையிலிருந்த வரி நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் நீட்டினார்.

"ஏல, இந்த வருசம் நம்ம பக்கத்து வரிய நீ பிரி."

"பெரியப்பா, எங்கிட்டயா?"

"பின்ன யாருட்ட? எந்த வீட்டுல எவன் குடிச்சுச் சீரழியான்னு உனக்குத் தெரியும்லா. துட்டுக்கு மட்டும் போகச் சொல்லல."

கூட்டத்தில் ரெண்டு பேர் முகம் சுளித்தார்கள். அவர்கள் சுளித்தது நியாயம். ஆனாலும் அவர் நோட்டைத் திரும்ப வாங்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். பணம் புழங்கும் நோட்டைக் கொடுத்ததால் மறுநாள் ஏழு மணிக்கு எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. வாழ்க்கைக்கு அர்த்தம் தேடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் தேடிப் பார்த்தவன். தேடிய இடத்தில் அது இல்லை. இன்னொருவர், தனக்கு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே, என் கையில் வைத்தார்.

1935 மே மாதம் அமெரிக்காவின் ஏக்ரன் நகரத்து ஹோட்டல் ஒன்றில், குடியை விட்டுச் சில மாதமே ஆன பில் வில்சன் என்பவர் தனியாக நின்றிருந்தார். வந்த காரியம் கெட்டுப்போயிருந்தது, பக்கத்திலேயே பார். அவர் போனை எடுத்துத் தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரனைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அப்படித்தான் பிறந்தது. அடுத்தவனைத் தேற்றப் போனதில் பில் தானும் பிழைத்தார். பெரியப்பா அந்தக் கதையைக் கேட்டிருக்க வழியில்லை.

அந்த வருடம் வரி பிரிக்கப் போனபோது, ஒரு வீட்டுக் கதவை இளவட்டப் பையன் ஒருவன் திறந்தான். ஐம்பத்தோரு ரூபாயை எண்ணக் கஷ்டப்பட்டான். நோட்டுகள் அவன் விரலில் படபடத்தன. நான் ரசீது எழுதிக்கொண்டிருக்கும்போது, உள்ளே அம்மா காதில் விழாதபடி கேட்டான்:

"அண்ணாச்சி, உங்களுக்குக் கை நடுக்கம் எத்தன நாள்ல நின்னுது?"

ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு மேற்கொண்டு வேறு வீட்டுக்குப் போகவில்லை.