தூரமும் நியாயமும்

மீனம்பாக்கத்திலிருந்து சாங்கி விமானநிலையம் சுமார் 2,900 கிலோமீட்டர். ஏறக்குறைய நான்கு மணி நேரம். 1970களில் 'சிதம்பரம்' கப்பலில் சிங்கப்பூர் போனவர்களுக்கு ஒரு வாரமாயிற்று. தூரம் அப்படியேதான் இருக்கிறது. குறைந்தது காலம், கூடவே, வராமலிருப்பதற்கான நியாயம். அன்று தாயின் சாவுக்கு வராதவனை, கடலைக் காட்டி ஊர் மன்னித்தது. இன்று வராதவன் தானே பதில் சொல்லியாக வேண்டும். லீவும் டிக்கெட் பணமும் கிடைக்காத கூலிக்காரனுக்கு இது பொருந்தாது. அவனுக்குச் சிங்கப்பூர் இன்னும் கப்பல் தூரத்தில்தான் இருக்கிறது. பொருந்துவது என்னைப் போன்றவர்களுக்கு. மாமல்லபுரத்தில் பாங்க் வேலை, அக்கா செங்கல்பட்டில். முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேர பஸ். போய் ஒரு வருஷமாகிறது. நான் எந்தக் கடலைக் காட்டுவது?