திருப்பிச் செலுத்த முடியாத கடன்

வாங்கிய கடனைத் திருப்பித் தருவது அறம். உயிரையே தந்தவர் எங்கு இருக்கிறார் என்று தெரியாவிட்டால், அந்தக் கடனை யாரிடம் செலுத்துவது?

சூடான் நாட்டில் 1983 முதல் 2005 வரை உள்நாட்டுப் போர் நடைபெற்றது. 1991-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டின் தென்பகுதியில் கிமோடாங் என்ற சிற்றூரில் மக்கள் மரத்தடியில் கூடி வழிபட்டுக் கொண்டிருந்தனர். அங்கே புகுந்த ஆயுதப் படையினர், சிறுவர்களைப் போர்வீரர்களாக்கும் நோக்கத்துடன் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவன் ஆறு வயது லோபெஸ் லொமோங்.

அவன் அடைக்கப்பட்ட குடிசையில் பிள்ளைகள் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அவனைவிட மூத்த சிறுவர்கள் மூவர், ஓர் இரவில் வேலியின் இடைவெளி வழியே அவனையும் அழைத்துக்கொண்டு தப்பினர். மூன்று நாட்கள் ஓடினர். அவன் தளர்ந்தபோது சுமந்தனர். கென்யாவை அடைந்த அவன் ககூமா அகதிகள் முகாமில் சேர்க்கப்பட்டான். அந்த மூவரோ பின்னர் அவன் வாழ்விலிருந்து மறைந்துவிட்டனர். அவர்களை லொமோங் இன்றும் தேவதூதர்கள் என்றே நினைவுகூர்கிறார்.

முகாமில் பத்து ஆண்டுகள் கழிந்தன. கால்பந்து விளையாட விரும்புவோர் முதலில் முகாமைச் சுற்றி ஓடி வரவேண்டும் என்பது அங்கிருந்த பையன்களின் விதி. உயிருக்கு அஞ்சி ஓடிய கால்கள் அங்கே மகிழ்ச்சிக்காக ஓடக் கற்றன. 2001-இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்று அவரை ஏற்று வளர்த்தது. 2007-இல் அந்நாட்டின் குடிமகனானார். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தி முன்சென்றார். மகன் இறந்துவிட்டான் என்று எண்ணி ஈமச்சடங்கையும் முடித்திருந்த பெற்றோர், அவரை உயிருடன் கண்டனர்.

இந்த வரலாற்றில் நம் சிந்தனைக்குரியவர்கள் அந்த மூன்று சிறுவர்களே. அவர்களும் கைதிகள், அவர்களுக்கும் பசி, அச்சம். சிறுவனை விட்டுச் சென்றிருந்தால் ஓட்டம் எளிதாக இருந்திருக்கும். அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. பயனையும் நன்றியையும் எதிர்பாராத செயலே கர்மயோகம் என்றால், அந்த மூவரும் அதன் பெயரைக்கூட அறியாத கர்மயோகிகள்.

பிறர் துன்பத்தைக் கண்டு, 'அது அவர்களது முன்வினை' என்று கூறி ஒதுங்குவது ஆன்மிகம் ஆகாது. 1884-இல் தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணர், உயிர்களுக்கு இரக்கம் காட்ட நாம் யார் என்று வினவி, சிவனாகவே கருதிச் சேவை செய்யவேண்டும் என்று உணர்த்தினார். இரக்கத்தில் கொடுப்பவர் உயர்ந்தவர், பெறுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் எழலாம். சேவையில் அந்த வேற்றுமை இல்லை.

அந்த மூவருக்கும் கைம்மாறு செய்ய லொமோங்கால் இயலவில்லை. ஆனால் 2011-இல் தனிநாடான தெற்கு சூடானில், மக்களுக்குத் தூய குடிநீரும் கல்வியும் கிடைக்க அவர் உழைத்து வருகிறார். பெற்ற இடத்தில் செலுத்த முடியாத கடனைத் தேவை உள்ள இடத்தில் செலுத்துகிறார்.

நம்மையும் யார் யாரோ சுமந்து வந்துள்ளனர். அவர்களுள் பலர் இன்று நம் கண்ணுக்கு எட்டாதவர்கள். நம் கைக்கு எட்டும் தொலைவில் தளர்ந்து நிற்பவருக்குத் தோள் கொடுப்போம். அவர்களுக்கு நாம் செலுத்தும் கடனும் அதுவே. இறைவனுக்குச் செய்யும் பூஜையும் அதுவே.