ஊருக்குப் பெயரிடும் உரிமை

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையோரத்தில், ஏறக்குறைய அறுபது அடி உயரமுள்ள பாறைக்குன்றின் உச்சியில் எறும்பீசுவரர் கோயில் இருக்கிறது. தாரகாசுரனால் துன்பப்பட்ட தேவர்கள் அவன் கண்ணில் படாதபடி எறும்பு உருவில் இங்கே வழிபட வந்தார்கள். லிங்கம் வழுக்கியதால் ஏற முடியாமல் தவித்தார்கள். இறைவன் புற்றுமண்ணாகி, அவர்கள் ஏறத் தோதாகத் தம் திருமேனியைச் சாய்த்துக் கொடுத்தார் என்கிறது தலபுராணம். எல்லோரும் அறிந்த கதைதான். அதில் ஒரு செய்தியை மட்டும் நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. வந்தவர்கள் தேவர்கள். ஆனாலும் ஊர் தேவபுரி ஆகவில்லை, எறும்பியூர் ஆனது. அவர்கள் வகித்த பதவி ஊருக்குப் பெயராகவில்லை; எந்த உருவில் ஊர்ந்து வந்து வழிபட்டார்களோ அந்த உருவே பெயராயிற்று. ஆண்டவனும் அதையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஓர் இடத்துக்குப் பெயரிடும் உரிமை யாருடையது என்பதை இன்று நாம் நிர்வாகக் கேள்வியாகவே கையாள்கிறோம். அடிப்படையில் அது சமயக் கேள்வி, மனிதனுக்கும் மண்ணுக்கும் உள்ள உறவைப் பற்றிய கேள்வி. என் விடை இது: பெயரிடும் உரிமை தொண்டிலிருந்து பிறக்கிறது. ஆட்சியோ பட்டாவோ பழமையோ தனியாக அதைத் தந்துவிடுவதில்லை.

இதற்கு முதல் சான்று அந்தக் குன்றிலேயே இருக்கிறது. அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் இவ்வூரை ஸ்ரீகண்ட சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கின்றன. அரசு ஏட்டில் ஏறிய பெயர் அது, கல்லிலும் வெட்டப்பட்டது. கோயிலைக் கற்றளியாக எழுப்பிய செம்பியன் வேதிவேளானின் பெயரும் கல்லில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்களின்போது இந்தக் குன்று படை தங்கும் அரணாக மாறியது. ஆங்கிலேயர் எழுதிய போர் வரலாற்றில் இதன் பெயர் 'எலிமிசேரம்' என்று திரிந்து பதிவானது. சதுர்வேதிமங்கலம் கல்வெட்டு ஆய்வாளருக்கு உரியதாகிவிட்டது, எலிமிசேரம் ராணுவ வரலாற்றில் தங்கிவிட்டது. இரண்டுக்கும் முந்திய எறும்பியூர் மட்டும் திருவெறும்பூராகப் பேருந்தின் முகப்பில் ஓடுகிறது. அது நிலைத்ததில் ஏழாம் நூற்றாண்டின் அப்பருக்குப் பெரும் பங்கு உண்டு. திருவெறும்பியூரைப் பாடியவர் அவர். எங்கு போனாலும் கையில் உழவாரம் ஏந்திப் போனவரும் அவர்தான். பாடிய வாயும் கோயில் வழியில் முளைத்த புல்லைச் செதுக்கிய கையும் ஒருவருடையவை. ஊரின் பெயரைச் சொல்வதும் ஊரைத் துப்புரவாக்குவதும் அவருக்கு ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள். இன்று நாம் முன்னதைத் தீர்மானமாகவும் பின்னதை ஒப்பந்தப்புள்ளியாகவும் பிரித்து வைத்திருக்கிறோம். நம் பெயர் மாற்றங்கள் உயிரற்றுப் போவதற்கு இந்தப் பிரிவே காரணம் என்று நினைக்கிறேன்.

திருவரங்கத்தின் சான்று இன்னும் ஆழமானது. அங்கே ஏழு திருச்சுற்றுகளுக்கும் மரபில் பெயருண்டு: தர்மவர்மா, ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திரிவிக்கிரமன், கலியுகராமன். கட்டியவர்களையும் திருப்பணி செய்தவர்களையும் போற்றும் பெயர்கள் இவை, பெரும்பாலும் மன்னர்களுடையவை. ஆனால் வீடு தேடி வரும் ஒருவர் கலியுகராமன் வீதி எங்கே என்று கேட்பதில்லை. சித்திரையில் தேர் ஓடுவது சித்திரை வீதி. உத்தராயணம் பிறக்கும் தையில் தேர் ஓடுவது உத்தர வீதி. சித்திரைத் திருவிழாவுக்கேகூட ஓர் அரசனை நினைவூட்டும் 'விருப்பன் திருநாள்' என்ற பெயர் உண்டு. வடம் பிடிக்கக் கிராமங்களிலிருந்து திரளும் மக்களுக்கு அது சித்திரைத் தேர்தான். ஆண்டுக்கொரு முறை ஆயிரம் தோள்கள் இழுத்துப் புதுப்பிக்கும் பெயருக்கு முன்னால் கல்லில் வெட்டிய பெயர் ஓய்வு எடுத்துக்கொள்கிறது.

உற்சவரின் பெயரே இதற்குத் தலைமைச் சான்று. 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது அரங்கத்தை விட்டு வெளியேறிய அழகிய மணவாளர், நெடுங்காலம் ஊர் ஊராக அலைந்து 1371இல் திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறொரு மூர்த்தி எழுந்தருளியிருந்தார். பழையவரைக் கண்ணால் கண்டு அடையாளம் சொல்ல ஆளில்லை. முதுமையில் பார்வை இழந்த ஈரங்கொல்லி ஒருவர், பெருமாள் உடுத்து நனைந்த ஆடையை நெடுநாள் கையாண்ட பழக்கத்தால், திருமஞ்சனத்தின் ஈர ஆடையை முகர்ந்து, இவரே நம் பெருமாள் என்று சொன்னார் என்கிறது கோயிலொழுகு. கோயில் அந்தச் சொல்லை ஏற்றது. அன்று முதல் அவர் நம்பெருமாள். ஆசாரியர்களும் அரசுப் பிரதிநிதிகளும் இருந்த இடத்தில், துணி வெளுக்கும் தொழிலாளி சொன்ன சொல் இறைவனுக்குத் திருநாமமாயிற்று. வைணவர்கள் சௌலப்பியம் என்று போற்றும் எளிமைக்கும், சாய்ந்து கொடுத்த புற்றுமண் லிங்கத்துக்கும் தத்துவ வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு இடத்திலும் உயர்ந்தது தாழ்ந்து வந்து, பணி செய்தவர் கொடுத்த பெயரைப் பெற்றுக்கொள்கிறது. பெயரிடுதல் உடைமை கொள்ளும் செயல் என்று நினைப்பவர்கள் இந்த இரு தலங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடனே ஒரு மறுப்பு எழும். அரசன் வைத்த பெயர்களும் நிலைத்திருக்கின்றனவே, உய்யக்கொண்டான் வாய்க்கால் ராஜராஜனின் பட்டப்பெயர் அல்லவா? உண்மைதான். ஆனால் அந்தப் பெயரை நிலைக்க வைத்தது பட்டம் அன்று. அதில் ஆண்டுதோறும் தண்ணீர் ஓடியது, மதகுகள் காக்கப்பட்டன, தூர் வாரப்பட்டது. வயலுக்கு நீர் கொடுத்தவரை அது உய்யக்கொண்டான். நகரத்துக்குள் சாக்கடை கலக்கும் இடங்களில் அதன் கரையில் வசிப்பவர்களுக்கே அது வெறும் 'வாய்க்கால்' ஆகிவிட்டது. தொண்டு நின்ற இடத்தில் பெயர் தேய்கிறது. நவாப் முகமது அலி, சூஃபி ஞானி நத்தர்வலியைப் போற்றித் திருச்சிக்கே நத்தர்நகர் என்று பெயரிட்டார். ஆட்சியும் பக்தியும் சேர்ந்திருந்தும் நகரம் அந்தப் பெயரை ஏற்கவில்லை. ஆனால் எல்லாச் சமயத்தாரும் வந்து வணங்கும் நத்தர்வலி தர்கா அந்தப் பெயரைத் தன் இடத்தில் தளராமல் வைத்திருக்கிறது. ஆணை எட்டாத தூரத்தை வழிபாடு எட்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. இதெல்லாம் சைவ, வைணவக் கதைகள். தேசத்தின் பல மூலைகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இறைமறுப்பாளரும் வாழும் இன்றைய திருவெறும்பூர் போன்ற ஒரு தொழிற்பகுதிக்கு இவை எப்படிப் பொது அளவுகோலாகும்? இதற்கு விடை பக்கத்து ஊரான பொன்மலையில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை 1928இல் பொன்மலைக்கு வந்தது. 1946 செப்டம்பர் 5 அன்று, போராடிய ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த இடம் சங்கத் திடல். அதைப் புனிதமாக்கிய புராணம் எதுவும் கிடையாது. ஆண்டுதோறும் அதே நாளில் தொழிலாளர்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள், தோழர்களின் பெயர்களைச் சொல்கிறார்கள். கடவுளை நம்பாதவர்களும் அங்கே செய்வது வழிபாட்டின் இலக்கணத்துக்குள் அடங்கும் செயல்தான்: உழைப்பாலும் இழப்பாலும் பெற்ற இடத்தை, கூடி நின்று பெயர் சொல்லிக் காப்பது. சித்திரை வீதிக்கும் சங்கத் திடலுக்கும் பொதுவான நெறி இது. எந்த ஒரு மதத்துக்கும் தனியுரிமை இல்லாதது.

இப்போது திருவெறும்பூரின் இன்றைய நிலைக்கு வருவோம். 1960களில் கொதிகலன் செய்யும் பெல் தொழிற்சாலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபின் இந்தப் பகுதியின் முகம் மாறியது. பெல் ஊழியர் குடியிருப்புக்குக் கைலாசபுரம் என்று பெயர். சுற்றிலும் நூற்றுக்கணக்கான நகர்கள் முளைத்தன. மனை பிரித்தவர், அரசியல் தலைவர், வீட்டு தெய்வம் என்று கையில் கிடைத்த பெயரெல்லாம் நகர்களுக்குச் சூட்டப்பட்டன. பேரூராட்சியாக இருந்த திருவெறும்பூர் 2011இல் மாநகராட்சியோடு இணைந்தது. அனல்மின் கொதிகலன் ஆர்டர்கள் குறையக் குறைய, பெல்லை நம்பித் துவாக்குடி வரை பரவியிருந்த சிறு ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் பல நசிந்தன. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்; விபத்துகள் காத்திருக்கவில்லை. இப்படிப்பட்ட பகுதிக்குப் பெயரைப் பற்றிப் பேசுவது வேலையற்ற பேச்சு, வெல்டருக்கு வேலை கொடு, சாலை போடு, பெயர் தானே வரும் என்று ஒருவர் சொன்னால் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் சொல்வது என் வாதத்தின் பாதி. மீதிப் பாதி இது: பணி முன்னே போக வேண்டும், ஆனால் அந்தப் பணி யாருடையது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும். நாட்டின் மின்நிலையங்கள் பலவற்றுக்குக் கொதிகலன் பற்றவைத்துக் கொடுத்த ஊர், அந்தக் கைகளை நினைவூட்டும் பெயர்களைத் தன் தெருக்களில் தேட வேண்டியிருக்கிறது. மனை விற்றவரை நினைக்கும் தெரு, அங்கே நாற்பது ஆண்டு வாழ்ந்து ஓய்வுபெற்ற தொழிலாளியை நினைக்கவில்லை. தெருவில் அவருக்குக் கடமையும் இல்லாமற்போனது அதனால்தான் என்று சொல்லமாட்டேன். ஆனால் தன்னுடையது என்று உணராத இடத்தை யாரும் பேணுவதில்லை.

மூன்றாவது மறுப்புதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. வழக்கிலிருந்து எழுந்த பெயரெல்லாம் நல்ல பெயரா? நம் ஊர்களில் சாதியைச் சுட்டி ஒரு பகுதி மக்களை ஒதுக்கி வைத்த பெயர்களும் வழக்கிலிருந்து வந்தவைதானே? 'காலனி' என்ற சொல் ஆதிக்கத்தின் அடையாளமாகவும் தீண்டாமையின் குறியீடாகவும் ஆகிவிட்டது என்று சொல்லி, அதை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். பழமையைக் காக்க வேண்டும் என்பவர்கள் இதைக் கேட்டுத் தயங்கலாம். நான் தயங்கவில்லை. அந்தப் பெயர்கள் அங்கே வாழ்ந்து உழைத்தவர்கள் தாமே வைத்துக்கொண்டவை அல்ல. எட்டி நின்றவர்கள் விரல் நீட்டிச் சுட்டியவை. எறும்பு என்ற பெயர் தாழ்வாக ஒலிக்காததற்குக் காரணம், அங்கே உயர்ந்தவர் அதைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதே. எந்த ஆதிக்கக்காரரும் தம் தெருவுக்கு ஏற்றுக்கொள்ளாத பெயரை இன்னொருவர் தெருவில் விட்டுவைக்க மரபைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அதே அளவுகோல் நீக்குபவரையும் கட்டுப்படுத்தும்: இழிபெயரை எடுத்த இடத்தில் தலைமைச் செயலகம் ஒரு தலைவரின் பெயரை அனுப்பிவைத்தால், சுட்டிய விரல் மாறியிருக்கிறது, அவ்வளவே. புதிய பெயரை அங்கே குடியிருப்பவர்களே சொல்ல வேண்டும்.

தலைவர்களுக்கு மரியாதை செய்வது தவறில்லை. பஞ்சப்பூரில் 2025 மே மாதம் திறக்கப்பட்ட ஒருங்கிணைந்த பேருந்து முனையம் கலைஞரின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பேச்சில் மக்கள் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு என்கிறார்கள். பெரிய பொதுக் கட்டடங்களில் இரண்டும் சேர்ந்து வாழ இடமுண்டு. குடியிருக்கும் தெருவில் அப்படி இல்லை, அங்கே பெயர் ஒருவரின் முகவரி. நகர்ப்புறங்களில் பகுதி சபைகள் கூட்ட 2022இல் விதிகள் வந்தன. தெருப்பெயர் குறித்த எந்த முன்மொழிவும் அந்தச் சபையிலிருந்து எழட்டும். அதோடு அந்தத் தெருவின் வடிகாலையும் மரத்தையும் குளத்தையும் யார் எப்படிக் கவனிக்கப் போகிறார்கள் என்பதும் தீர்மானத்தில் எழுதப்படட்டும். உழவாரம் இல்லாத பதிகத்தை அப்பர் தந்ததில்லை. 2011க்குப் பின் மாநகராட்சிக்குள் வந்த பகுதிகளில் முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று எண்ணோடு நிற்கும் தெருக்கள் ஏராளம். அவற்றுக்கு அவசரப்பட்டுப் பலகை மாட்ட வேண்டியதில்லை. அங்கே இருப்பவர்கள் சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்கும்வரை அவை எண்ணோடே இருக்கலாம்.