துணைவலியின் கணக்கு

மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிபெயரலாமா என்று யோசிக்கும் குடும்பம் முதலில் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழிக்கும். இடப்பக்கம் மதுரைச் செலவு, வலப்பக்கம் சென்னைச் செலவு. எழுதிக்கொண்டே போனால், பல இனங்களில் இரண்டு ஊருக்கும் பெரிய வேறுபாடே இல்லை என்பது சீக்கிரம் புலப்படும். மின்கட்டண விகிதம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் இலவசம் என்பதும் பொது. ரேஷன் அரிசிக்கு எங்கும் காசில்லை. கேஸ் சிலிண்டரிலும் பெட்ரோலிலும் இருப்பது சில்லறை வித்தியாசம். கடைசியில் வாடகை, அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம், வேலைக்குப் போய்வரும் செலவு ஆகியவையே எஞ்சும். கூடுதல் சம்பளம் இவற்றை ஈடுகட்டினால் மூட்டை கட்டிவிடலாம் என்று முடிவாகும். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அங்கே வாழ எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அது விடைதானா? காசு கொடுத்து வாங்குவது மட்டுமே வாழ்க்கை என்றால் விடைதான்.

அரசின் புள்ளிவிவரமும் இங்கே அதிகம் கைகொடுக்காது. லேபர் பீரோ 88 மையங்களுக்கு மாதந்தோறும் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கணக்கிடுகிறது. சென்னையும் மதுரையும் அவற்றில் உண்டு. ஒவ்வொரு மையத்துக்கும் அந்தந்த ஊரின் 2016ஆம் ஆண்டு விலையே 100. ஆகவே மதுரையின் எண் சென்னையின் எண்ணைவிட உயர்ந்திருந்தால், மதுரையில் செலவு அதிகம் என்று பொருளல்ல. 2016க்குப் பின் அங்கே விலை வேகமாக ஏறியது என்றுதான் பொருள். ஓர் ஊரை அதன் நேற்றோடு ஒப்பிடத்தான் அந்த எண் பயன்படும். மத்திய அரசு ஊழியருக்கு அகவிலைப்படி எந்த ஊரிலும் ஒரே விழுக்காடு. ஊரைப் பொறுத்துப் பெரிதும் மாறுவது வீட்டு வாடகைப்படி. ஏழாவது ஊதியக் குழு முறையில், அகவிலைப்படி 50 விழுக்காட்டை எட்டியபின் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடு, மதுரைக்கு 20. ஊருக்கு ஊர் வாடகைதான் வேறு என்பது கஜானாவின் பார்வை. சம்பளம் போடுகிறவருக்கு அது போதும், குடிபோகிறவருக்குப் போதாது.

வேறொரு பார்வை குறளில் இருக்கிறது. வரவு சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்ற கருத்தை வள்ளுவர் ‘பொருள் செயல்வகை’ அதிகாரத்தில் வைக்கவில்லை, ‘வலியறித’லில் வைத்தார். எடுத்த காரியம், தான், எதிரி, துணை நிற்பவர் ஆகிய நான்கின் வலிமையையும் எடைபோட்டு இறங்கச் சொல்லித் தொடங்கும் அதிகாரம் அது. அரசனுக்குச் சொன்னதுதான். ஆனாலும் வரவு செலவு அங்கே தனிக்கணக்காக நிற்கவில்லை. ஒருவர் எதைத் தாங்குவார், யார் துணையோடு தாங்குவார் என்ற பெரிய கணக்கின் ஒரு பகுதியாக வருகிறது. குடிபெயர்வதற்கும் இதே அளவுகோல்தான் பொருந்தும் என்பேன். நம் தாளில் விடுபட்டது துணைவலி.

மதுரையில் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து மாலைவரை பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குப் பட்டியலில் இடமில்லை, அவருக்குச் சம்பளம் இல்லாததால். ஆஸ்பத்திரியில் ராத்தங்கும் மைத்துனருக்கும், மாதக் கடைசியில் கணக்கில் எழுதிக்கொண்டு பருப்பு தரும் மளிகைக்கடைக்காரருக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் விலையாக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும்: பாட்டிக்குப் பதில் காப்பகம், மைத்துனருக்குப் பதில் கூலிக்கு ஆள், கடைக்காரருக்குப் பதில் கிரெடிட் கார்டு, அந்தத் தொகைகளையும் வலப்பக்கத்தில் கூட்டினால் தீர்ந்தது. மாதாமாதம் சம்பளம் வரும்வரை இந்த வாதம் நிற்கும். வேலை போன மாதத்தில் விழுந்துவிடும். காப்பகம் அந்த மாதமும் கட்டணம் கேட்கும். கார்டு வட்டி போடும். பாட்டி எதுவும் கேட்கமாட்டார். காசுக்கு வாங்கிய உதவி காசு தீரும்போது தீர்ந்துபோகும். உறவின் உதவி பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் முன்னே வரும். இரண்டையும் ஒரே பத்தியில் கூட்டுவது, குடை வாங்கிய செலவை மழையில்லாத நாளில் வீண் என்று எழுதுவதைப் போன்றது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. துணை என்று நீங்கள் சொல்வதே பலருக்குத் தளை. மொய்யும் சீரும் கேட்கும் உறவு, சாதியை விசாரிக்கும் தெரு, பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று பார்க்கும் கண்கள் இவற்றிலிருந்து விடுபடத்தானே நகரத்துக்குப் போகிறார்கள்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தைப் போற்றியவர்களை மறுத்து, அதைக் குறுகிய மனமும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடமாகவே காட்டினார். பழகிய இடத்தின் சுற்றம் எல்லாருக்கும் நிழல் தருவதில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆட்சேபம் என் வாதத்தைக் கவிழ்க்கவில்லை. அதன் எல்லையை விரிக்கிறது. உறவு சிலருக்கு வரவு, சிலருக்குச் செலவு. அப்படியானால் அதை எழுதாமல் விட்ட பட்டியல் இருசாராருக்கும் பொய் சொல்கிறது. ஒடுக்கும் தெருவை விட்டு வெளியேறுகிறவருக்குச் சென்னையின் கூடுதல் வாடகை, விடுதலைக்குக் கொடுக்கும் விலை. அவர் பட்டியலில் அது நஷ்டமாகத் தெரிவது கணக்கின் குறை.

வயிற்றுப்பாட்டுக்காக ஊர்விட்டு ஊர் போகிறவருக்கு இந்த விசாரமெல்லாம் ஆடம்பரம் அல்லவா என்றும் கேட்கலாம். உண்மை நேர்மாறானது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ சென்னைக் கட்டட வேலைக்கோ வருகிறவர், முன்பே போன ஊர்க்காரர் யார், அவர் அறையில் இடம் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார். துணைவலியை முதலில் எழுதி, விலையை அடுத்து எழுதும் கணக்கு அது. வங்கியில் சேமிப்பும் கையில் நல்ல சம்பளமும் உள்ளவருக்குத்தான் அந்த வரிசை தலைகீழாகிறது. தன்வலி மிகுந்தவர் துணைவலியை மறப்பது எளிது. எனவே தாளையும் கோட்டையும் தூக்கி எறிய வேண்டாம். வாடகையையும் கட்டணத்தையும் எழுதுங்கள். அதன்கீழ், மூன்று மாதம் வருமானம் நின்றால் இந்த ஊரில் யார் கதவைத் தட்டலாம், அந்த ஊரில் யார் கதவைத் தட்டலாம் என்றும், அந்தக் கதவு திறப்பதற்கு எதையெல்லாம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதுங்கள். விலைகள் எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும்; இந்த விடைகள் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே எந்த ஊர் மலிவு என்று பொதுவாகக் கேட்பதற்குப் பொதுவான பதில் கிடையாது.